ஒற்றைப் பாதையின் சாரதிகள்: கொடிகாமத்தைக் கடந்த வடபகுதிப் புகையிரதத்தின் தொழில் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பிரிவில், கண்டி வீதியைப் பருத்தித்துறை வீதி வந்து சந்திக்குமிடத்தில் அமைந்துள்ள ஊர் கொடிகாமம். தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் பனம்பொருட்களும் குவியும் சந்தையினால் இவ்வூர் பெயர்பெற்றது. புகையிரதப் பாதையில் இதற்கு வடமேற்கே மீசாலையும் சாவகச்சேரியும் உள்ளன. தென்கிழக்கே மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை ஆகிய நிலையங்கள் உள்ளன. வடமராட்சிக்குப் புகையிரதப் பாதை இடப்படவில்லை. ஆதலால் வரணி, நெல்லியடி, பருத்தித்துறை முதலிய ஊர்களின் மக்களுக்குத் தெற்கு நோக்கிய பயணத்தின் வாயிலாக அமைந்தது கொடிகாம நிலையமே. பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான்கள் பயணிகளையும் மூட்டைகளையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டு கொடிகாமத்துக்கு வந்தன. ‘கோச்சி’ என்று பேச்சுவழக்கில் அழைக்கப்பட்ட புகையிரதமும் சந்தையும் தட்டிவானும் சேர்ந்தே இவ்வூரின் அன்றாட வாழ்வை வகுத்தன.

வடபகுதிப் புகையிரதப் பாதையின் வரலாறு எழுதப்படும்போது தேசாதிபதிகளும் பொறியியலாளரும் அமைச்சர்களும் அதில் இடம்பெறுகின்றனர். திறப்பு விழாக்களின் திகதிகள் பதியப்படுகின்றன. ஆயின் நாள்தோறும் அவ்வண்டியைச் செலுத்தியவர்களின் தொழில் எத்தகையது, அது எவ்வாறு கற்கப்பட்டது, எதனை ஆதாரமாகக் கொண்டு நிகழ்ந்தது என்பன அதிகம் ஆராயப்படவில்லை. ஒற்றைப் பாதையில் வண்டி செலுத்துபவன் தன் திறமையை மட்டும் நம்பிச் செல்வதில்லை. முன்னால் உள்ள பாதை வெறுமையாக உள்ளது என்று பிறிதொருவர் அளிக்கும் உறுதியை நம்பியே செல்கின்றான். அந்த உறுதி எவ்வாறு கைமாறியது, எப்போது முறிந்தது, முறிந்தபோது எவை இழக்கப்பட்டன என்பவற்றைச் சாரதியின் தொழிலை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையின் தோற்றம்

இலங்கையின் முதலாவது புகையிரதம் 1864ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அப்பாதையின் முதன்மை நோக்கம். பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு வெளியே நின்ற வடபகுதி, இவ்வசதியைப் பெறுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே மக்கள்தொகை மிகக் குறைந்த வன்னிக் காடு இருந்தமையால், அதனூடாகப் பாதை இடுவதற்கான செலவு மீளுமா என்ற ஐயம் ஆட்சியாளரிடம் இருந்தது.

ஈற்றில் பாதை இரு முனைகளிலிருந்தும் இடப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பகுதி 1902 மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. இம்முதற் பகுதி கொடிகாமத்தைத் தொடவில்லை. அதற்குச் சில மைல் முன்பாகவே நின்றது. பின்னர் பாதை கொடிகாமத்தைக் கடந்து பளை நோக்கியும் அதற்கு அப்பாலும் நீண்டது. தெற்கிலிருந்து வந்த பாதையுடன் இணையும் வரை குடாநாட்டுப் பாதை தனித்த ஒரு துண்டாகவே இயங்கியது. 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடிச் சேவை ஆரம்பமாயிற்று. முதலாவது பயணத்துக்கு எடுத்த நேரம் 13 மணி 20 நிமிடம். அஃதாவது, சராசரியாக மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையிலான ஏறத்தாழ 410 கிலோமீற்றர் தூரத்தில், பொல்காவலை வரை மட்டுமே இரட்டைப் பாதை. அதற்கு வடக்கே, வருவதற்கும் போவதற்கும் ஒரே தண்டவாளம். வடபகுதிச் சாரதியின் தொழிலை விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒற்றைத் தன்மையே திறவுகோலாகும்.

நீராவிக் காலத்துச் சாரதி

நீராவி எஞ்சினைச் செலுத்துவது ஒருவரின் தொழிலன்று. சாரதியும், ‘பயர்மன்’ எனப்பட்ட நெருப்பாளரும் ஒரே தட்டில் நின்று ஒருவர் செயலை மற்றவர் நிறைவுசெய்தனர். நெருப்பாளரின் வேலை நிலக்கரியை வாரி இறைப்பது மட்டுமே என்று எண்ணுவது தவறு. நெருப்புப்பெட்டியின் தளம் முழுவதும் கரி சீராகப் பரவியிருத்தல் வேண்டும். ஓரிடத்தில் தடித்தால் காற்றோட்டம் தடைப்பட்டுக் கரும்புகை எழும். ஓரிடத்தில் மெலிந்தால் குளிர்காற்று உள்ளே புகுந்து வெப்பம் குன்றும். கொதிகலனின் நீர்மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் இடையறாது கவனிப்பதும் அவன் கடன். நீர்மட்டம் தாழ்ந்து நெருப்புப்பெட்டியின் மேற்றகடு வெளிப்படுமாயின் அத்தகடு அளவுமீறிச் சூடேறி வலுவிழந்து வெடிக்கும் அபாயம் உண்டு. இவற்றையெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும் தட்டில் நின்றபடி செய்ய வேண்டும்.

சாரதியின் கலையோ முன்னறிவில் தங்கியிருந்தது. எவ்விடத்தில் நீராவியைக் குறைத்து வண்டியைத் தன் வேகத்திலேயே உருள விடலாம், எவ்விடத்தில் தடுப்பை இட்டால் மேடையருகே அதிர்வின்றி நிற்கும் என்பன அவன் உடலில் பதிந்த அறிவாக இருந்தன. இலங்கைப் புகையிரதங்களில் வெற்றிடத் தடுப்பு முறையே நீண்டகாலம் வழங்கிற்று. வண்டி முழுவதும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால் தடுப்பு விடுபடும்; காற்றை உட்புக விட்டால் தடுப்பு இறுகும். பெட்டிகள் இடையில் அறுந்துவிட்டாலும் குழாயினுள் காற்றுப் புகுந்து இரு பகுதிகளும் தாமாகவே நின்றுவிடும். ஆயினும் நீண்டதொரு வண்டியின் கடைசிப் பெட்டியைத் தடுப்பு சென்றடையச் சற்று நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தைக் கணக்கிலெடுத்தே சாரதி செயற்பட வேண்டும். இக்கணக்கை எந்தக் கைநூலும் முழுமையாகக் கற்பிக்க இயலாது. எஞ்சின் கொட்டகையில் துப்புரவு வேலையிலிருந்து தொடங்கி, நெருப்பாளராகப் பல்லாண்டு நின்று, மூத்தவர் கையைப் பார்த்தே அது கற்கப்பட்டது.

மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களோடும் கூரிய வளைவுகளோடும் சாரதிகள் போராடினர். வடபகுதிப் பாதையோ பெரும்பாலும் சமதரை. இதனால் அங்கு வேலை இலகு என்று கருதிவிட முடியாது. தூரமும் வெயிலும் இரவும் இங்கு எதிர்நின்றன. வன்னிக் காட்டில் பாதையைக் கடக்கும் யானைகளும் மாடுகளும் எஞ்சின் விளக்கின் சிறு வெளிச்சத்தில் கடைசிக் கணத்திலேயே தென்படும். மணிக்கணக்காக ஒரே சீரான காட்டினூடாகச் செல்கையில் கண்ணயராது கைகாட்டியைத் தேடிக்கொண்டிருப்பது இப்பாதையில் ஓடியவர்களுக்கே உரிய சோதனையாகும். அநுராதபுரத்துக்கு வடக்கே நிலையங்களுக்கிடையிலான தூரம் அதிகம்; நிலையமொன்றின் விளக்கு கண்ணிற்படுவதே துணைகிடைத்தது போன்றதாகும். ஆனையிறவு வெளியைத் தாண்டி, பளையையும் எழுதுமட்டுவாளையும் கடந்து, கொடிகாமத்தின் தென்னந்தோப்புகள் தொடங்கும்போது நிலையங்கள் நெருங்கிவரும். குடாநாட்டினுள் சாரதியின் கவனம் வேறொரு திசைக்குத் திரும்பும்: ஒழுங்கைகளும் கடவைகளும் மக்களும்.

கைமாறிய வட்டத்தகடு

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாமல் காப்பது எவ்வாறு? இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் இதற்கு விடையாக அமைந்தது ‘டப்லட்’ எனப்பட்ட வட்டத்தகடு. இரு அயல் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டிக் கருவி இருக்கும். அவை இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. இரு கருவிகளிலும் பல தகடுகள் உள்ளே இருந்தாலும், ஒரு வேளையில் ஒரே ஒரு தகட்டைத்தான் வெளியே எடுக்க முடியும். அதனையும் ஒரு நிலைய அதிபர் தாமாக எடுக்க இயலாது. அடுத்த நிலையத்தவர் மணிக்குறியால் சம்மதம் தெரிவித்துத் தம் கருவியை இயக்கினால் மாத்திரமே இவரது கருவி திறக்கும். எடுத்த தகடு சாரதியிடம் ஒப்படைக்கப்படும். அதனை அவர் அடுத்த நிலையத்தில் கொடுத்து, அங்குள்ள கருவியில் மீண்டும் இடப்படும்வரை, அவ்விரு நிலையங்களுக்கும் இடையே வேறெந்த வண்டிக்கும் தகடு கிடைக்காது.

தகட்டில் இரு நிலையங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். தோற்பையொன்றில் இடப்பட்டு, பெரிய வளையமொன்றில் பொருத்தப்பட்டு அது நீட்டப்படும். நில்லாது செல்லும் வண்டியாயின், நெருப்பாளர் எஞ்சினின் ஓரத்தில் சாய்ந்து பழைய வளையத்தை எறிந்துவிட்டு, புதிய வளையத்தைத் தோளிலோ முழங்கையிலோ வாங்கிக்கொள்வார். கை தவறினால் வண்டி நிற்க வேண்டும். வேகம் சற்று மிகுந்தாலும் வளையத்தின் அடி கையை நோகச் செய்யும். வாங்கியவுடன் பையைத் திறந்து, பெயர்கள் சரியானவையா என்று சாரதி தம் கண்ணால் பார்த்தல் விதி. முன்னே கைகாட்டி தாழ்ந்திருந்தாலும், தகடு கையில் இல்லாமல் அவர் ஓரடியும் நகர முடியாது.

இந்த ஏற்பாட்டின் தன்மை சிந்திக்கத்தக்கது. கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடிய வண்டியின் பாதுகாப்பு ஒரு தலைமைச் செயலகத்தின் கட்டளையால் மட்டும் நிலைபெறவில்லை. ஒவ்வோர் இரு நிலையங்களுக்கும் இடையே புதிதாகச் செய்யப்பட்டு, புதிதாக நிறைவேற்றப்பட்ட உடன்பாடுகளின் தொடராலேயே அது நிலைபெற்றது. மாகோவில் மணியடித்தவரும் மதவாச்சியில் வளையம் நீட்டியவரும் கொடிகாமத்தில் பச்சைக் கொடி காட்டியவரும் வேறுவேறு மொழியினராக இருக்கலாம். மணிக்குறியின் மொழி ஒன்றே. சாரதி எவ்வினத்தவர் என்று தகடு வினவுவதில்லை. நாட்டின் அரசியலில் பரஸ்பர உறுதிமொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்த காலத்திலும், இப்பாதையில் அவை நாளொன்றுக்குப் பலமுறை காப்பாற்றப்பட்டன.

உத்தியோகமும் கரிபடிந்த கையும்

புகையிரதத் திணைக்களத்தில் தொடக்க காலத்து எஞ்சின் சாரதிகளுள் ஐரோப்பியரும் பறங்கியரும் முதன்மை பெற்றிருந்தனர். காலப்போக்கில் ஏனைய இனத்தவரும் அத்தொழிலிற் புகுந்தனர். யாழ்ப்பாணத்தவர் இத்திணைக்களத்தில் பெருமளவிற் சேர்ந்தனராயினும், அவர்கள் பெரிதும் நாடியவை நிலைய அதிபர், எழுதுவினைஞர் முதலிய பதவிகளே. மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் பெற்ற ஆங்கிலக் கல்வி அதற்கு வழிவகுத்தது. மலாயாவின் புகையிரதத்திலும் இதே போக்கினைக் காணலாம். அங்கும் நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பெருந்தொகையினராகப் பணிபுரிந்தனர்.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்ற யாழ்ப்பாணப் பழமொழி அரசாங்க உத்தியோகத்துக்குச் சமூகம் வழங்கிய மதிப்பைக் காட்டும். ஆயின் கோறணமேந்து உத்தியோகங்களுக்கு உள்ளேயும் ஒரு படிநிலை இருந்தது. பேனா பிடித்த கைக்குக் கிடைத்த மதிப்பு கரி படிந்த கைக்குக் கிடைக்கவில்லை. நிலைய அதிபரின் வெள்ளைச் சீருடை ஊரவர் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் தட்டில் வியர்வையும் கரியும் பூசி நின்றவர் ஒரு நிமிடம் நின்று மறைந்துபோனார். சாரதி ஊருக்கு உரியவரல்லர். எல்லா ஊர்களையும் கடந்து செல்பவர். அவர் பெயரை மேடையில் நின்றோர் அறிந்திருக்கவில்லை. வரலாற்றுப் பதிவுகளில் சாரதியின் தொழில் இடம்பெறாமைக்கு இச்சமூக மனப்பாங்கும் ஒரு காரணம் எனலாம்.

நகரத்து டிராம் வண்டிச் சாரதியுடன் ஒப்பிடுகையில் இந்நிலை மேலும் தெளிவாகும். சென்னையில் 1895 முதல் 1953 வரையும், கொழும்பில் 1899 முதல் 1960 வரையும் மின்சார டிராம் வண்டிகள் ஓடின. டிராம் சாரதி தெருவின் நடுவே, மக்களின் கண்முன்னே நின்று தொழில் புரிந்தார். அவருக்குத் தகடும் இல்லை. முன்னே செல்லும் மாட்டுவண்டியையும் குறுக்கே பாயும் சிறுவனையும் தம் கண்ணாற் கண்டு, காலால் மணியடித்து, கையால் தடுப்பிட்டார். இத்தகைய தொழிலாளர் ஒரே நகரில், ஒரே பணிமனையில் நாள்தோறும் கூடினமையால் அவர்களிடையே தொழிற்சங்க உணர்வு விரைந்து வளர்ந்தது. 1929ஆம் ஆண்டில் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் நடந்த கொழும்பு டிராம் வேலைநிறுத்தம், மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே கலவரமாகவும் துப்பாக்கிச் சூடாகவும் முடிந்தது. புகையிரதத் தொழிலாளரும் போராட்டத்திற் பின்தங்கியவரல்லர். 1912ஆம் ஆண்டிலேயே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், 1923இன் பொது வேலைநிறுத்தத்திலும் முன்னின்றனர். ஆயினும் இப்போராட்டங்களின் மையம் கொழும்பின் பணிமனைகளாகவே இருந்தது. நெடுந்தூரப் பாதைகளில் இருவர் இருவராகச் சிதறிக்கிடந்த எஞ்சின் தொழிலாளரின் அனுபவம் அவற்றின் வரலாற்றில் அரிதாகவே ஒலிக்கின்றது.

டீசலும் யாழ்தேவியும்

1950களில் இத்தொழில் பெருமாற்றம் கண்டது. இலங்கையர்களுள் முதலாவதாகப் புகையிரதத்தின் பிரதம இயந்திரப் பொறியியலாளராக உயர்ந்து, பின்னர் பொது முகாமையாளராக விளங்கிய பி. டி. ரம்பலா, நீராவியைக் கைவிட்டு டீசலுக்கு மாறும் திட்டத்தை முன்னெடுத்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. உறுதியால் இவை புகழ்பெற்றன. அறுபது ஆண்டுகளின் பின்னரும் சில சேவையில் இருந்தன.

1956 ஏப்ரல் 23ஆம் திகதி கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி ஓடத் தொடங்கியது. இரவு முழுவதும் மெயில் வண்டியில் விழித்திருந்து சென்ற பயணம் பகற்பொழுதுக்குள் முடியும் பயணமாயிற்று. மாணவர்களும் அரசாங்க ஊழியர்களும் வணிகர்களும் தலைநகரையும் சொந்த ஊரையும் ஒரே வாழ்வின் இரு பாதிகளாக அமைத்துக்கொள்ள இது உதவியது. குடாநாட்டின் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பழங்களும் தெற்குச் சந்தைகளை அடைந்தன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியது. நாட்டின் இரு முனைகளை நெருங்கச் செய்த வண்டியும் அவற்றை விலகச் செய்த சட்டமும் ஒரே ஆண்டிற் பிறந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

எஞ்சின் தட்டிலும் மாற்றம் நிகழ்ந்தது. நெருப்பும் கரியும் மறைந்தன, நெருப்பாளர் உதவியாளரானார். உடலுழைப்புக் குறைந்தது, வேகம் கூடியது. வேகம் கூடியதால் முன்னறிவின் தேவையும் கூடியது. நீராவிக் காலத்தில் எஞ்சினின் ஓசையிலிருந்தும் அதிர்விலிருந்தும் பெற்ற செய்திகளை இனி அளவுமானிகளின் முட்களிலிருந்து பெற வேண்டியதாயிற்று. மூத்த சாரதிகள் இரண்டாம் முறை தொழில் பயின்றனர். ஆயினும் வளையம் மாறவில்லை. டீசல் எஞ்சினின் சாளரத்திலிருந்தும் அதே கை நீண்டு அதே தகட்டை வாங்கியது.

உறுதி முறிந்த காலம்

1958 மே மாதக் கலவரத்தின்போது பொலன்னறுவையில் புகையிரதம் தாக்கப்பட்டது. ஏறாவூருக்கு அருகே மட்டக்களப்பு வண்டி தடம்புரளச் செய்யப்பட்டது. பயணி எந்த இனத்தவர் என்று தேடும் கும்பல்களுக்கு நிலையமும் பெட்டியும் வேட்டைக்களமாயின. 1977 ஆகஸ்டில் அநுராதபுர நிலையத்திலும் தமிழ்ப் பயணிகள் தாக்குதலுக்கு உள்ளாயினர். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது, புகையிரதத் தொழிலாளர் உட்படப் பல்லாயிரக்கணக்கான ஊழியர் வேலையிழந்தனர். 1983 ஜூலையின் பின்னர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிய பயணம் பலருக்கு ஊர்திரும்புதலாக அன்றித் தப்பியோடுதலாகவே அமைந்தது.

1985 ஜனவரி 19ஆம் திகதி, படையினரையும் பொதுமக்களையும் ஏற்றிவந்த யாழ்தேவி முறிகண்டிக்கு அருகே தாக்கப்பட்டது, பலர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சி சாரதியின் தொழிலின் அடிப்படையையே மாற்றியது. தகடு உரைப்பது ஒன்றே: எதிரே வேறு வண்டி இல்லை. தண்டவாளத்தின் கீழே என்ன புதைக்கப்பட்டுள்ளது என்பதைத் தகடு உரைக்காது. நிலைய அதிபர் நேர்மையுடன் அளித்த உறுதி, அவர் அறியாத ஒன்றால் பொய்யாகலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதன் பின்னரும் இடையிடையே தடைப்பட்டும் தொடர்ந்தும் வண்டிகள் ஓடிய காலத்தில், ஒவ்வொரு பாலத்தையும் கடந்து சென்றவர்களின் துணிவு எந்தப் பதக்கத்துக்கும் உரியதாகக் கொள்ளப்படவில்லை. சம்பளத்துக்குச் செய்யும் வேலையாகவே அது கருதப்பட்டது.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. 13ஆம் திகதியுடன் யாழ்ப்பாணச் சேவை நின்றது. அதன்பின் கொடிகாம நிலையத்துக்கு வண்டி வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. போரிட்ட இரு தரப்பினரும் அவற்றைப் பயன்படுத்தினர். மக்களைச் சுமப்பதற்காகக் கொணர்ந்த இரும்பு, எறிகணைகளுக்கு எதிராக மண்ணைச் சுமந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குள் இடம்பெயர்ந்தபோது, கால்நடையாகவும் துவிச்சக்கரவண்டியிலுமே பெரும்பாலோர் வந்தனர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து கொடிகாமமும் சாவகச்சேரியும் போர்க்களமாயின. அவ்வேளை தென்மராட்சி மக்களே இடம்பெயர்ந்தனர். ஊரும் சந்தையும் வெறிச்சோடின.

இக்காலத்து இழப்பை இரும்பின் நிறையால் மட்டும் அளவிட முடியாது. முன்னர் கூறியதுபோல், எஞ்சின் தொழில் கையிலிருந்து கைக்கு வருவது. கொட்டகையில் துப்புரவு செய்த இளைஞன் மூத்தவரைப் பார்த்து நெருப்பாளராகி, பின் சாரதியாவதற்கு ஆண்டுகள் பல தேவை. வவுனியாவுக்கு வடக்கே வண்டியே ஓடாத காலத்தில் அப்பயிற்சிச் சங்கிலி அறுந்தது. 1990இல் கொடிகாமத்திற் பிறந்த குழந்தை, தன் ஊர் நிலையத்தில் வண்டி வந்து நிற்பதைக் காண்பதற்கு இருபத்துநான்கு வயதாகும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கிடையில் கோச்சி என்பது முதியோர் கூறும் கதைகளில் வரும் பொருளாகிவிட்டிருந்தது.

மீட்சியும் புதிய வினாக்களும்

போர் 2009இல் முடிவுற்றதன் பின்னர், இந்தியக் கடனுதவியுடன் இந்திய நிறுவனமான இர்கொன் பாதையை மீண்டும் இட்டது. வண்டிகள் 2011இல் ஓமந்தையையும், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சில் பளையையும் அடைந்தன. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி கொடிகாமத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தைச் சென்றடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையிலான சேவையும் மீண்டது. 1902இல் வடக்கிலிருந்து தெற்கே நீண்ட பாதை, இம்முறை தெற்கிலிருந்து வடக்கே மீண்டு வந்தது.

புதிய பாதையில் நிறவிளக்குச் சமிக்ஞைகள் பொருத்தப்பட்டன. வளையம் நீட்டும் கைக்குப் பதிலாக மின்விளக்கின் நிறம் சாரதிக்கு அனுமதி வழங்குகின்றது. உலகெங்கும் இத்தொழில் சென்றுகொண்டிருக்கும் திசை இதுவே. இலண்டன் சுரங்கப் புகையிரதத்தின் விக்டோரியாப் பாதையில் 1968ஆம் ஆண்டிலேயே, கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் வண்டி தானாகவே அடுத்த நிலையம் வரை ஓடும் முறை கொண்டுவரப்பட்டது. 2015இல் தொடங்கிய சென்னை மெற்றோவில் பெண்களும் வண்டி செலுத்தினர். கரியும் உடல்வலுவும் இத்தொழிலுக்கு இட்டிருந்த வேலி அங்கு தகர்ந்தது. தானியங்கி முறைகள் பெருகப் பெருகச் சாரதி எதற்கு என்ற வினாவும் எழுகின்றது.

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி கொடிகாமத்தின் அயலிலேயே உள்ளது. பாதை மீண்டபோது, வண்டியின் வேகத்தை அறியாத ஒரு தலைமுறை அதன் இருமருங்கும் வளர்ந்திருந்தது. பாதுகாப்பற்ற கடவைகளில் வடபகுதியில் பல உயிர்கள் பலியாயின. நூற்றுக்கணக்கான தொன் நிறையுடன் விரைந்துவரும் வண்டி, தடுப்பை முழுமையாக இட்டபின்னரும் பல நூறு மீற்றர் ஓடியே நிற்கும். கடவையில் ஒருவரைக் காணும் சாரதி ஊதொலி எழுப்பித் தடுப்பை இறுக்குவதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதவர். அதன் விளைவைக் கண்முன்னே கண்டபின் மறுநாளும் அதே கடவையைக் கடக்க வேண்டியவர். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி இல்லை என்ற உறுதியைப் பொறிமுறை அளிக்கலாம். பாதையின் ஓரத்தில் வாழும் மக்களுக்கும் வண்டிக்கும் இடையே இருக்கவேண்டிய பழக்கத்தை எந்தப் பொறியும் அளிக்க முடியாது. இருபத்துநான்கு ஆண்டு இடைவெளி முறித்தது அப்பழக்கத்தையும் ஆகும்.

முடிவுரை

வடபகுதிப் புகையிரதத்தின் வரலாற்றை ஆட்சியாளரின் கொடையாகவோ போரின் அழிவாகவோ மட்டும் எழுதுவது குறைபாடுடையது. 1905 முதல் 1990 வரை அப்பாதை உயிர்ப்புடன் இருந்தது, ஒருவரையொருவர் பெரும்பாலும் முகமறியாத தொழிலாளர் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியமையால் ஆகும். நிலைய அதிபரின் மணியும், நெருப்பாளரின் நீட்டிய கையும், தகட்டிற் பெயரைப் படித்துப் பார்த்த சாரதியின் கண்ணும் அந்நம்பிக்கையின் கருவிகள். நிலைய அதிபர்களைப் பற்றிக் குடும்ப நினைவுகளிலும் நினைவு மலர்களிலும் ஓரளவு செய்திகள் எஞ்சியுள்ளன. எஞ்சின் தட்டில் நின்றவர்களைப் பற்றியோ அத்தகைய பதிவுகள் மிகச் சொற்பம்.

நீராவி எஞ்சினைச் செலுத்தியவர்களின் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1956இன் யாழ்தேவியையும் 1980களின் அபாயமான ஓட்டங்களையும் அறிந்தோர் முதுமை எய்தியுள்ளனர். அவர்களுள் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் உளர். அவர்களுடைய வாய்மொழிச் சான்றுகளை இரு மொழிகளிலும் சேகரிப்பது வரலாற்று மாணவர் இப்போதே மேற்கொள்ள வேண்டிய பணியாகும். கொடிகாமம் போன்ற சிறு நிலையங்களின் அயலில் வாழும் முதியோரின் நினைவுகளும் அச்சேகரிப்பிற் சேர்தல் வேண்டும். பாதையைப் பணத்தாலும் இயந்திரத்தாலும் சில ஆண்டுகளில் மீண்டும் இட முடிந்தது. அப்பாதையில் வண்டி செலுத்தியவர்களின் அனுபவம் பதியப்படாமல் மறையுமாயின் அதனை மீட்பதற்கு வழி இல்லை.